தாயா? கடன்காரியா?

2018-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் நமது மலேசிய நாட்டிற்கு ஒரு நற்சாட்சிப் பத்திரம் வழங்கிற்று. தாயின் உடலிலிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. கிருமியும், மேகப்புண் என்று நம்மவர் கூறும் சிபிலிஸ் நோயும் தொற்றுவதை ஒழித்த நாடு மலேசியா என்பதே அப்பத்திரத்தின் சாரமாகும். 2015-ல் கியூபாவும் 2016-ல் தாய்லாந்தும் பெற்ற இப்பெருமையை, மேற்குப் பசிபிக் மண்டலம் என்று அந்நிறுவனம் வகுத்திருக்கும் நாடுகளுக்குள்ளே முதன்முதல் அடைந்தது நம் நாடே. 2019-ல் இலங்கைக்கும் இது கிட்டிற்று. மற்றெந்த விஷயத்தில் நம்மவருக்குள் அபிப்பிராய பேதம் இருந்தபோதிலும், இதனைக் கேட்டு மகிழாதார் ஒருவரும் இருத்தல் இயலாது. நாமும் மகிழ்ந்தோம், இன்றும் மகிழ்கின்றோம்.

ஆயினும், நற்சாட்சிப் பத்திரம் நிலத்துக்கு எழுதிக் கொடுத்த பட்டா அன்று. ஒருமுறை பெற்றுப் பெட்டியில் பூட்டிவிட்டுப் பரம்பரையாய் அநுபவிப்பதற்கு. அதற்கு விதிக்கப்பட்டிருக்கும் நிபந்தனைகளைப் பாருங்கள். கர்ப்பவதிகளுள் நூற்றுக்கு 95 பேருக்குக் குறையாமல் வைத்தியப் பார்வைக்கு வந்திருக்க வேண்டும். நூற்றுக்கு 95 பேருக்குக் குறையாமல் இரத்தம் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். கிருமி காணப்பட்ட தாய்மாருள்ளும் அவ்வாறே மருந்து பெற்றிருக்க வேண்டும். தாய்ப்பாலுக்குப் பதிலாகப் புட்டிப்பால் கொடுக்கும் நாடாயின், அத்தாய்மார் பெறும் குழந்தைகளுள் நூற்றுக்கு இருவருக்கும் குறைவாகவே கிருமி தொற்றியிருக்க வேண்டும். இவ்வெண்கள் வருஷந்தோறும் காக்கப்பட வேண்டியவை. காப்பவர் யார்? பத்திரத்தைக் கைநீட்டி வாங்கிய அதிகாரிகளா? பெயர் வெளியே தெரியாமல், மாதந்தோறும் கிளினிக் வாசலுக்குத் திரும்பி வருகிறாளே ஓர் ஏழைத் தாய், அவளே காக்கின்றாள். அவள் திரும்பி வராத நாளில் அப்பத்திரம் வெறுங்காகிதம்.

அவ்வாறு திரும்பி வராத தாய்க்கு நம் நாட்டுக் கிளினிக்குகளில் ஒரு பெயர் வழங்குகின்றது. 'டிபால்டர்' என்பது அப்பெயர். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தோட்டத்துக் கணக்கெழுதி ஜீவிக்கும் நம்போன்ற கிராணிமார்க்கு இச்சொல் புதிதன்று. வாங்கிய கடனைத் தவணை தப்பாமல் கட்டத் தவறியவனுக்கு ஆங்கிலத்தார் இட்ட பெயர் அது. மோட்டார் சைக்கிளுக்கு மூன்று மாதம் பணம் கட்டாதவன் டிபால்டர். வீட்டுக் கடன் கட்டாதவன் டிபால்டர். மாத்திரை வாங்க வராத கர்ப்பிணியும் டிபால்டர்! தாதிமார் கெட்ட எண்ணத்தால் இதைச் சொல்லுகின்றார்கள் என்று நாம் கூறவில்லை. வெயிலிலும் மழையிலும் லயங்களுக்குச் சென்று பிள்ளை பெற்றவளைப் பார்த்து வருகின்றவர்கள் அவர்களே. ஆனால் சொல்லானது தன் கருத்தையும் சுமந்துகொண்டே வரும். கடன்காரி என்று பெயரிட்ட மாத்திரத்தில், குற்றம் அவளுடையது, தேடிப் பிடிப்பது நமது வேலை, அவள் தலைகுனிய வேண்டியவள் என்னும் எண்ணங்கள் தாமே வந்து நிற்கும். நாம் சொல்லுவதோ இதற்கு நேர்மாறானது. கடன்பட்டிருப்பவர் நாம், தவணை தவறியவர்களும் நாமே. இதனை மெய்ப்பிப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

முதலில் நோயின் தன்மையைச் சிறிது பார்ப்போம். எச்.ஐ.வி. உள்ள தாய்க்கு வைத்தியம் ஒன்றும் செய்யாது விட்டால், கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலின் வழியாகவோ, நூற்றுக்கு 15 முதல் 45 வரையிலான குழந்தைகளுக்குக் கிருமி தொற்றும். அவ்விதம் தொற்றி வைத்தியமும் பெறாத குழந்தைகளுள் ஏறக்குறையப் பாதி, இரண்டு வயது நிறையுமுன்னே மாண்டுவிடும். 1994-ல் அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் நடந்த ஆராய்ச்சியொன்றின் முடிவு வெளியாயிற்று. சிடோவுடின் என்னும் ஒரே மருந்தைத் தாய்க்கும் சேய்க்கும் கொடுத்ததால், நூற்றுக்கு 25-க்கு மேலிருந்த தொற்று 8-க்கு இறங்கிற்று என்று அது காட்டிற்று. 1998-ல் நம் நாட்டு அரசாங்கக் கிளினிக்குகளில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இரத்தச் சோதனை தொடங்கிற்று. இன்று பல மருந்துகளை ஒன்றாய்ச் சேர்த்துக் கொடுக்கின்றார்கள். அதனை ஒழுங்காய் உட்கொண்டால், இரத்தத்தில் கிருமி அளவைக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்நிலையிலிருக்கும் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவது நூற்றுக்கு ஒன்றுகூட இராது. அந்நிலை நீடிக்கும்வரை கணவனுக்கும் அவளிடமிருந்து கலவியினால் தொற்றாது. அவளும் நம்மைப்போல் முதுமை காணலாம், பேரப்பிள்ளை எடுக்கலாம்.

இதற்கு விலையாக அந்த மருந்து கேட்பது ஒன்றே: நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் சில வாரங்களில் கிருமி மீண்டும் தலையெடுக்கும். விட்டு விட்டு உட்கொண்டால் மருந்துக்கே அஞ்சாத கிருமியாய் மாறிவிடவும் கூடும். ஆகவே, மருந்தைக் கண்டுபிடித்தலோ வாங்கி அடுக்கி வைத்தலோ இனிப் பெரிய காரியமன்று. தாயானவள் மருந்தோடு நிலைத்து நிற்கும்படி செய்வதே பெரிய காரியம்.

இலவசமாய்க் கொடுத்துவிட்டால் நிலைத்து நிற்பாள் என்று எண்ணுவோர் ஆப்பிரிக்காவிலுள்ள மலாவி என்னும் சிறு நாட்டைக் கவனிக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ள ஒவ்வொரு கர்ப்பிணிக்கும், உடனே தொடங்கி ஆயுள் முழுவதும் மருந்து என்னும் திட்டத்தை 2011-ல் முதன்முதல் கைக்கொண்ட நாடு அது. இந்தியாவும் 2014-ல் அவ்வழியைப் பின்பற்றிற்று. மலாவியில் இலவசமாய் மருந்து தொடங்கிய அத்தாய்மாருள் நூற்றுக்குச் சுமார் 17 பேர் ஆறு மாதத்திற்குள் வைத்தியத் தொடர்பு அற்றுப் போயினர் என்று 2014-ல் வெளியான ஆராய்ச்சி கூறிற்று. அதிலும் வியப்பு யாதெனில், நோய் முற்றி மருந்துக்கு வந்த ஸ்திரீகளைவிட, கர்ப்ப காலத்தில் தொடங்கியவர்கள், முதல் நாளுக்குப்பின் திரும்பியே வராமற்போவது ஐந்து மடங்காக இருந்தது. காரணம் ஊகிக்கக்கூடியதே. உடம்பில் ஒரு நோவும் இல்லை. வாந்தியும் மசக்கையுமாய்ச் சாதாரணப் பரிசோதனைக்கு வந்தவள். அன்றே நோய் என்றார்கள். அன்றே ஆயுள் முழுவதும் மருந்து என்றார்கள். வீட்டுக்குப் போ என்றார்கள். வீட்டில் யாரிடம் சொல்வாள்? மருந்து தொடங்குதல் வேறு, தொடர்தல் வேறு என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுவதில்லை.

நிற்க. நமது பேராக்கிலே ஈப்போ பட்டணத்திலும், சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், பாகான் டத்தோ முதலிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் தமிழ்ப் பெண்ணொருத்திக்கு இந்நிலை வந்தால், அவள் எந்தெந்த வாசலில் நம் கையைவிட்டு நழுவக்கூடும் என்று பார்ப்போம்.

முதல் வாசல், செய்தி கேட்ட நாள். முற்காலத்து ரப்பர்த் தோட்டத்திலே டிரசர் இருந்தார், ஆயாக் கொட்டகை இருந்தது. பெரட்டுக்கு ஒருத்தி வராவிட்டால் லயமெல்லாம் விசாரிக்கும். இரகசியம் என்பது அங்கே இல்லை. ஆனால் விசாரணை இருந்தது. ரப்பர்க் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின பின்னர், நம்மவர் பட்டணத்து மலிவு வீடுகளுக்குச் சிதறினார்கள். இங்கே ஊர்ப்பேச்சு மட்டும் பழைய லயத்திலிருந்து கூடவே வந்து சேர்ந்தது. விசாரிக்கும் வழக்கமோ வழியிலேயே தொலைந்தது. அடுத்த வீட்டுக்காரி கிளினிக்கில் எந்த அறைக்குள் நுழைந்தாள் என்பது மாலைக்குள் தெருவுக்குத் தெரியும். அவள் சாப்பிட்டாளா என்பது ஒருவருக்கும் தெரியாது. இத்தகைய தெருவில் வாழ்பவள் இரண்டாம் முறை அவ்வறைக்குள் நுழையத் தயங்கினால் அது யார் பிழை?

இரண்டாம் வாசல், தலைப்பிரசவம். முதற்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவது நம்மவர் வழக்கம். வளையல் அடுக்கி, வண்டியேற்றி அனுப்புகிறோம். ஈப்போவில் மருந்து தொடங்கியவள் எட்டாம் மாதத்தில் தெலுக் இந்தானிலோ அதற்கப்பால் ஒரு தோட்டத்திலோ இருக்கின்றாள். கர்ப்பிணிப் புத்தகம் அவள் கையோடு போகும். ஆனால் அவளை அறிந்த தாதியும், அவள் நம்பிய வைத்தியரும், அவள் மருந்து வாங்கும் ஜன்னலும் ஈப்போவிலேயே நின்றுவிடும். குழந்தைக்குத் தொற்றும் அபாயம் மிகுந்த பிரசவ காலத்திலே அவள் அறிமுகமற்ற இடத்தில் நிற்கின்றாள். புதிய இடத்தில் முதலிலிருந்து யாவற்றையும் சொல்ல வேண்டும். தாயோ அத்தையோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கையில் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்துவிடுவது அவளுக்கு எளிதாகத் தோன்றினால் ஆச்சரியமுண்டோ?

மூன்றாம் வாசல், தீட்டும் பத்தியமும். பிள்ளை பெற்றவள் முப்பது நாள் வாசற்படி தாண்டலாகாது என்கின்றோம். அம்முப்பது நாளில்தான் குழந்தைக்குச் சொட்டு மருந்து தவறாமல் ஊட்ட வேண்டும், அதன் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும், தாயின் மாத்திரையும் தீர்ந்துபோகாமல் பார்க்க வேண்டும். 'மாத்திரை சூடு, பிள்ளை பெற்ற உடம்புக்கு ஆகாது' என்று சொல்லி நிறுத்தச் செய்யும் கிழவிமாரும் நம்மில் உண்டு. மஞ்சளும் பூண்டும் நல்லெண்ணெயும் தாராளமாய்க் கொடுங்கள்; நாம் தடுக்கவில்லை. ஆனால் அவை மாத்திரையின் ஸ்தானத்தில் உட்கார உரிமை பெற்றவையல்ல.

இதனோடு சேர்ந்ததே பால் விஷயம். நம் நாட்டில் இத்தாய்மார் தாய்ப்பால் கொடாது புட்டிப்பால் கொடுக்கும்படி வைத்தியர்கள் சொல்லுகின்றார்கள். அரசாங்கம் பால்மாவை இலவசமாய் வழங்குகின்றது. ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்தியாவிலும், சுத்தமான நீரும் பால்மாவும் எல்லார்க்கும் எட்டாத காரணத்தால், தாய் மருந்து உட்கொண்டு தன் பாலையே கொடுக்கும்படி சொல்லுகின்றார்கள். இடத்திற்கேற்ற வழி எதுவோ அதை வைத்தியர் சொல்லட்டும். அவளுக்கு வரும் கஷ்டம் வேறிடத்திலிருந்து வருகின்றது. குழந்தை பார்க்க வருகின்ற ஒவ்வொரு ஸ்திரீயும், 'ஏன் பால் கொடுக்கவில்லை?' என்று கேட்கின்றாள். ஒருத்தி கேட்டால் சமாளிக்கலாம். மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா, கோயிலில் கண்ட கிழவி என்று பத்துப்பேர் கேட்டால் என் செய்வாள்? அலமாரியில் இருக்கும் பால்மா டின் அவளைக் காட்டிக் கொடுக்கும் சாட்சியாகின்றது. கேள்விக்கு அஞ்சி மார்பில் அணைத்துக் கொடுத்துவிட்டால், எட்டு மாதம் காத்த காவல் அழிந்து போகும். ஆதலின் அன்பர்களே, பிள்ளை பார்க்கப் போகும் வீட்டில் பாலைப்பற்றி வினவாதிருத்தலை ஒரு நாகரிகமாகக் கொள்ளுங்கள். சும்மா இருப்பதனால் ஓர் உயிரைக் காக்கும் சந்தர்ப்பம் மனிதனுக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை.

நான்காம் வாசல், கூலி. தோட்டத்திலே வெட்டிய பாலுக்கும் அறுத்த குலைக்கும்தான் காசு. பிரசவ விடுமுறையைச் சட்டம் 2023 ஜனவரி முதல் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்திற்று, அது நன்று. ஆனால் இத்தாய்க்கு வேண்டிய விடுமுறை பிரசவத்திற்கு மட்டுமன்று. அதற்கு முன்னும் பின்னும், மாதத்திற்கு ஒரு நாள், இரண்டு மாதத்திற்கு ஒரு நாள் என்று ஆயுள் முழுவதும் வேண்டியிருக்கின்றது. கிளினிக்குக்குப் போய் வந்ததற்குக் கொடுப்பது பெரும்பாலும் நேரச் சீட்டு. அது மருத்துவ விடுமுறைச் சீட்டு ஆகாது. அதைக் காட்டினால் சம்பளம் கொடுப்பதும் கொடாததும் முதலாளியின் தயவு. அத்துடன் பஸ் அரிதான இடங்களில் மோட்டார் சைக்கிளுக்குக் கணவனையோ, வாடகைக் காருக்குக் காசையோ எதிர்பார்க்க வேண்டும். மருந்து இலவசம் என்பது மெய். மருந்தினிடம் போவது இலவசமன்று. செக்ரோலில் அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று விழும் அடையாளமும், வேலைக்கு வந்தாளாயின் கிளினிக் ஏட்டில் 'வரவில்லை' என்று விழும் அடையாளமும் ஒரே பெண்ணைக் குறிப்பனவே. இரண்டு ஏடுகளும் அவளையே குற்றம் சொல்லுகின்றன; இரண்டும் ஒன்றோடொன்று பேசுவதில்லை.

ஐந்தாம் வாசல், அடையாளக் கார்டு. தலைமுறை தலைமுறையாய் இந்நாட்டில் உழைத்தும், பிறப்புப் பத்திரமோ நீல அடையாளக் கார்டோ இல்லாத தமிழர் இன்னும் நம்மிடையே இருக்கின்றார்கள் என்பதை நாம் அறிவோம். பிரஜை அல்லாதார் அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்ட வேண்டிய கட்டணம் வேறு. கார்டு இல்லாத கர்ப்பிணி அக்கட்டணத்திற்கும் கேள்விகளுக்கும் பயந்து பிரசவ வலி கண்டபின் வந்து சேர்ந்தால், சோதனைக்கும் மருந்துக்கும் காலம் எங்கே? கிருமியானது கார்டு பார்த்துத் தொற்றுவதில்லை.

இனி, நம் எதிரிகள் சொல்லும் ஆட்சேபணைகளுக்கு வருவோம்.

'நடத்தை சரியாயிருந்தால் இந்நோய் ஏன் வருகின்றது?' என்பது முதல் ஆட்சேபணை. இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண் மக்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மலேசியாவில் இந்நோய் முதன்முதல் 1986-ல் காணப்பட்டது. பின்வந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக, நோயுற்றோராய்ப் பதிவானவரில் பெரும்பாலார் போதைமருந்து ஊசியைப் பகிர்ந்துகொண்ட ஆடவர்களே. புதிதாய் அறிவிக்கப்பட்டோர் தொகை 2002-ல் 6,978 ஆக உயர்ந்தது. அவ்வாடவர்களுக்கு மனைவிமார் இல்லையா? அவர்கள் வீடு திரும்பவில்லையா? நம் தாய்த் தமிழ்நாட்டுச் செய்தியையும் கேளுங்கள். இந்தியாவில் இந்நோய் முதன்முதல் 1986-ல் சென்னையிலே, டாக்டர் சுனிதி சாலமன் அம்மையாரின் முயற்சியால் கண்டறியப்பட்டது. தென்னிந்தியாவில் இக்கிருமியுற்ற பெண்களைப் பற்றி 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நூற்றுக்கு 88 பேர் தம் வாழ்நாளில் ஒரே ஆடவனை அறிந்தவர்கள் என்று காணப்பட்டது. கற்பு கற்பு என்று பெண்ணுக்கு உபதேசித்த சமூகத்திலே, கற்போடிருந்தவளே நோயுற்றாள். உபதேசம் பெறாத கணவன் கொண்டு வந்து கொடுத்தான். இதில் நடத்தையை விசாரிக்க வேண்டுமாயின் எந்தப் பக்கத்திலிருந்து விசாரணை தொடங்க வேண்டும்? கல்யாணத்திற்குப் பத்துப் பொருத்தமும் பார்த்து, செவ்வாய் எங்கே நிற்கின்றது என்று தேடுகின்றவர்கள், மாப்பிள்ளையின் இரத்தத்தில் என்ன நிற்கின்றது என்று ஒரு சோதனை செய்யச் சொன்னால் மட்டும் மானம் போயிற்று என்கின்றார்கள். முஸ்லிம் சகோதரர்கள் விவாகத்திற்கு முன் இச்சோதனையைச் செய்துகொள்ளுகின்றார்கள். அதனால் யார் மானமும் போகவில்லை. இவ்விடத்தில் நாம் இன்னொன்றும் சொல்லுவோம். ஒருத்தி எவ்வழியால் நோயுற்றிருந்தாலும் சரி, வைத்தியத்திற்கு அவளுக்குள்ள உரிமை அணுவளவும் குறையாது. வழி விசாரித்து மருந்து கொடுப்பவன் வைத்தியனல்லன்.

'அரசாங்கம் எல்லாம் கொடுக்கின்றது; வராதவளைச் சட்டத்தால் கட்டி இழுக்க வேண்டும்' என்பது இரண்டாவது. கடன்காரி என்ற சொல்லிலிருந்து பிறந்த யோசனை இது. கட்டி இழுக்கப்பட்டவள் ஒரு முறை வருவாள். அதனைக் கண்ட மற்ற பத்துப்பேர், தாம் கர்ப்பமானபோது முதற்பரிசோதனைக்கே வரமாட்டார்கள். மருந்து தினமும் அவள் தன் கையால் எடுத்துத் தன் வாயிலிட வேண்டிய வஸ்து. ஆயுள் முழுவதும் ஒரு போலீஸ்காரனை அவள் அடுப்பங்கரையில் நிறுத்த எந்தச் சர்க்காராலும் முடியாது. பயம் அவளை ஓடச்செய்யும். நம்பிக்கையே அவளை நிற்கச்செய்யும். தெற்கு ஆப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் 2001-ல் தொடங்கப்பட்ட ஓர் இயக்கத்தார் இதை அறிந்தே வேலை செய்தனர். இந்நோயோடு பிள்ளை பெற்று, அப்பிள்ளையை நோயின்றி வளர்த்த தாய்மாரையே சம்பளம் கொடுத்து அமர்த்தினர்; புதிதாய்ச் செய்தி கேட்டு நடுங்கி நிற்கும் கர்ப்பிணிக்குப் பக்கத்தில் அவர்களை உட்காரவைத்தனர். 'எனக்கும் இதேதான், என் பிள்ளை இதோ பள்ளிக்கூடம் போகின்றான்' என்று ஒருத்தி சொல்லுவதற்கு ஈடான மருந்தை எந்தக் கம்பெனியும் இதுவரை செய்யவில்லை.

'குழந்தைக்கு நோயில்லை என்று தெரிந்துவிட்டது. இனி என்ன கவலை?' என்பது மூன்றாவது. இது எதிரிகள் மாத்திரமன்றி நண்பர்களும் சொல்லுவது. ஆதலால் அதிக ஆபத்தானது. பதினெட்டாம் மாதத்தில் குழந்தையின் கடைசிச் சோதனையும் நல்லபடியாய் முடிந்ததும் எல்லோரும் பெருமூச்சு விடுகின்றார்கள். கோயிலுக்குப் போகின்றார்கள், கணக்கை மூடுகின்றார்கள். தாயின் கணக்கோ மூடப்படவில்லை. இத்தனை மாதம் அவளை அழைத்ததும், விசாரித்ததும், வண்டி அனுப்பியதும் குழந்தைக்காகவே என்பதை அவள் அன்று தெரிந்துகொள்ளுகின்றாள். 'பாத்திரத்திலிருந்த பாலை ஊற்றிக்கொண்டார்கள். பாத்திரம் மூலையில் கிடக்கட்டும்' என்று நாம் நடந்துகொண்டால், அவள் தன்னைப்பற்றி வேறெப்படி நினைப்பாள்? மெல்ல மெல்ல மருந்தை நிறுத்துகின்றாள். பின்பு நேர்வது இரண்டிலொன்று. அடுத்த கர்ப்பம் வரும்போது கிருமி பெருகியிருக்கும். முதற்குழந்தைக்குக் கிட்டிய காவல் இரண்டாவதற்குக் கிட்டாது. அல்லது, நோயின்றிப் பிறந்ததென்று நாம் கொண்டாடிய அக்குழந்தை தாயற்றதாய் நிற்கும். குழந்தைக்காகத் தாயைக் காப்போம் என்பது பாதி நியாயம். அவளும் ஓர் உயிர், அவ்வுயிருக்காகவே அவளைக் காப்போம் என்பதே முழு நியாயம். முழு நியாயத்தைச் செய்தால் குழந்தை தானே காக்கப்படும்.

இனிச் செய்ய வேண்டியவை யாவை? பெரிய திட்டங்கள் வேண்டுவதில்லை. பிள்ளை பெற்ற எல்லார் வீட்டுக்கும் தாதிமார் வருவது நம் நாட்டில் முன்னமே உள்ள நல்வழக்கம். அதே வருகையில், அதே பையில், இத்தாயின் காரியமும் அடங்கிவிட்டால் தெருவுக்குத் தனியே ஒன்றும் தெரியாது. தலைப்பிரசவத்திற்கு ஊர் மாறுகின்றவளை ஈப்போக் கிளினிக் வெறும் கடிதத்தோடு அனுப்பாமல், அவள் போகுமிடத்துத் தாதியோடு முன்கூட்டியே பேசி, பெயர் சொல்லி வரவேற்கும்படி செய்தல் வேண்டும். நல்ல நிலையிலிருப்பவளுக்குப் பல மாத மருந்தை ஒருமிக்கக் கொடுத்தல் வேண்டும். கணவனை முதல் வாரத்திலேயே அழைத்து, அவள் சம்மதத்தோடு, அவனையும் சோதித்து, வேண்டுமாயின் அவனுக்கும் மருந்து தொடங்குதல் வேண்டும். வீட்டில் இருவர் மாத்திரை உண்டால் ஒருத்தி ஒளிக்க வேண்டியதில்லை.

தோட்ட நிர்வாகிகளுக்கும் கிராணிமார்க்கும் ஒரு வார்த்தை. கிளினிக்கின் நேரச் சீட்டு எந்த அறையிலிருந்து வந்தது, என்ன நோய் என்று விசாரியாமல் அந்நாளுக்குக் கூலி எழுதுங்கள். எல்லாத் தாய்மார்க்கும் அப்படியே எழுதினால் இவளைத் தனியே எவனும் சுட்டிக் காட்ட இயலாது. தோட்டத்துக்கு அதனால் ஆகும் நஷ்டம் மாதத்தில் சில வெள்ளி.

கோயில் தலைவர்களும், மாதர் சங்கத்தாரும், இளைஞர் மன்றத்தாரும் செய்யக்கூடியது இன்னும் எளிது. திருவிழாவுக்குப் பந்தலும் மேளமும் ஏற்பாடு செய்யும் திறமையில் நூற்றில் ஒரு பங்கை, கர்ப்பிணிகளுக்கெல்லாம் பொதுவாய் ஒரு வண்டி ஏற்பாடு செய்வதில் செலவிடட்டும். கார்டில்லாத பெண்களுக்கு மனு எழுதிக் கொடுத்து அலுவலகத்துக்கு உடன் செல்லட்டும். இன்னாள் நோயாளி என்று யார் வாயிலிருந்து புறப்பட்டாலும், அதைக் கேளாது எழுந்து போகும் தைரியத்தை நம் பெண்மக்களும் ஆண்மக்களும் பழகட்டும்.

இவ்வளவும் நாம் செய்ய வேண்டியிருக்கச் செய்யாதவை. இவற்றுள் எதையும் அந்தத் தாய் செய்யாமல் விட்டவள் அல்லள். அப்படியிருக்கத் தவணை தவறியவர் யார்? கடன்பட்டிருப்பவர் யார்? வாசகர்களே முடிவு சொல்லுங்கள்.

பேராக் முழுவதற்கும் பெரியதாய் ஈப்போவில் நிற்கும் ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரி முதல் தோட்டப்புறத்துச் சிறு கிளினிக் வரை, ஏடு எழுதும் அனைவரையும் நாம் வணக்கத்தோடு கேட்டுக்கொள்ளுவது ஒன்று. இனி ஒரு தாய் வராத மாதத்தில் அவள் பெயருக்கு நேரே 'டிபால்டர்' என்று எழுதாதீர்கள். அன்று கூலி போகுமென்று வரவில்லையா, வண்டியில்லாமல் வரவில்லையா, மாமியார் தடுத்தாளா, ஊர்வாய்க்குப் பயந்தாளா, கார்டில்லாமல் நின்றாளா என்று விசாரித்து, எது காரணமோ அதை எழுதுங்கள். அந்த ஏட்டை வருஷக் கடைசியில் எடுத்துப் படித்தால், அதில் அவள் பெயர் இராது. நம்முடைய பெயர்களே இருக்கும்.